‘ஒண்ணுமில்ல மாப்ள’னு சொன்னா நம்பாதீங்க!

தனுஷ்கோடிக்கு பைக்ல போகாத ராம்நாடு பசங்க உண்டா? 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்ததிலிருந்து லீவு விட்டா அங்கதான்! ரெண்டு பக்கமும் கடல், நடுவுல ரோடு, அதுல காத்து கொண்டுவந்து கொட்டுற மணல். போன மாசம் அந்த மணல்லதான் எங்க கிளாஸ்மேட் சறுக்கி விழுந்தான். ஹெல்மெட்? பெட்ரோல் டேங்க் மேல! எழுந்தான், மண்ணைத் தட்டினான், ‘ஒண்ணுமில்ல மாப்ள’ன்னான். அரை மணி நேரத்துல வாந்தி. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டான். 108-ஐக் கூப்பிட்டோம்.

தலையில் அடின்னா ரத்தம் வரணும்னு இல்லை. மூளை குலுங்கித் தற்காலிகமாகக் குழம்பினால் ‘கன்கஷன்’. மூளைத் திசுவே கன்றிப்போனால் ‘கன்ட்யூஷன்’. மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கசிந்து தேங்கி, மூளையை அழுத்தினால் ‘ஹீமடோமா’. இதுதான் பெரிய வில்லன்! சிலர் மயங்கித் தெளிந்து, நல்லாப் பேசிட்டு, சில மணி நேரத்தில் மறுபடி சாய்ந்துவிடுவார்கள். கடலில் மூழ்கியவருக்கோ அடியே படாமல், ஆக்ஸிஜன் கிடைக்காமலேயே மூளை பாதிக்கும். அதற்குச் சில நிமிஷங்கள் போதும்.

பாதிப்பும் இடத்தைப் பொறுத்தது. முன்பக்கம் அடிபட்டால் சாதுவானவன்கூட சிடுசிடுப்பான். பக்கவாட்டில் பட்டால் ஞாபகம், பேச்சு தடுமாறும். பின்பக்கம்னா பார்வை.

வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, அசாதாரணத் தூக்கம், குழறும் பேச்சு... இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். ‘தூங்கினா சரியாயிடும்’ கதையெல்லாம் வேண்டாம்.

எங்க ஆளுக்கு நல்லவேளை, கன்கஷன்தான். காலேஜ் வர்றான். ஆனா அன்னிக்குப் பார்த்த கடல் மட்டும் அவன் ஞாபகத்துல இல்லவே இல்லை. நாங்கதான் செல்போன்ல போட்டோ காட்டுறோம். ஹெல்மெட் இப்போ தலையில!