ஆறு தந்திகளும் ஓர் உறையும்

நம் பங்குகள் பலவற்றில் ஆர்மோனியத்திற்கும் கீபோர்டுக்கும் அருகே இன்று மின் கித்தாரும் இடம்பெற்றுள்ளது. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், குழாய் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பளித்தது. அதே வேளையில், ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றவையும் விசுவாசிகளின் ஞான நலனுக்கு உதவுபவையுமான பிற கருவிகளை, உரிய திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு ஏற்கவும் அது வழி திறந்தது. எந்தக் கருவி ஆலயத்திற்குப் பொருந்தும் என்று தீர்மானிப்பது அவ்வதிகாரிகளின் பொறுப்பு. அதைப் பற்றி இங்கே நாம் வாதிட முற்படவில்லை. கித்தார் வந்துவிட்ட இல்லங்களிலும் பாடற்குழுக்களிலும் அடிக்கடி எழும் ஒரு சிறு கேள்வியையே எடுத்துக்கொள்கிறோம். தந்தி வாங்குவது எப்படி? வாங்கிய உறைக்குள் குறை இருந்தால் என்ன செய்வது?

இது குடும்பப் பத்திரிகைக்கு உரிய பொருள்தானா என்று சிலர் ஐயுறலாம். பிள்ளையின் ஆசைக்காகப் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இதில் செலவாகிறது. தவறான தந்தியால் விரல் நொந்து, நல்ல திறமையுள்ள பிள்ளை இசையையே கைவிடுவதும் உண்டு. பணத்தைவிட விலைமிக்க ஒன்றும் இதில் இழக்கப்படலாம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

தந்தியின் இயல்பு

மரக் கித்தாரில் தந்தியின் அதிர்வை மரப்பெட்டி பெருக்கித் தருகிறது. மின் கித்தாரில் அந்த வேலை காந்தத்தினுடையது. தந்திகளுக்கு அடியில் பொருத்தப்பட்ட பிக்கப் என்னும் பகுதியில் காந்தமும், அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அதை ஆம்ப்ளிஃபயர் ஒலியாக்குகிறது. அமெரிக்கரான ஜார்ஜ் பீச்சம் இத்தகைய கருவிக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார்.

இதிலிருந்து முதற் பாடம் கிடைக்கிறது. காந்தம் கவராத தந்தி மின் கித்தாருக்கு உதவாது. நைலான் தந்தி அறவே ஒலிக்காது. மரக் கித்தாருக்கென வெண்கலம் சுற்றிச் செய்த தந்தி வலுவிழந்தும் சமனின்றியும் ஒலிக்கும். ஆகவே உறையின்மேல் மின் கித்தாருக்குரியது என்று அச்சிடப்பட்டுள்ளதா என்பதே முதலில் பார்க்கவேண்டியது.

ஆறில் மெல்லிய மூன்றும் பெரும்பாலும் வெள்ளீயம் பூசிய வெற்று எஃகுக் கம்பிகள். தடித்த மூன்றும் எஃகு நடுக்கம்பியின்மேல் வேறொரு கம்பி சுற்றப்பட்டவை. சுற்றுக் கம்பி நிக்கல் முலாமிட்ட எஃகானால் ஒலி சமநிலையாக இருக்கும். பலரும் வாங்குவது இதுவே. தூய நிக்கல் கனிந்த ஒலி தரும். துருவேறா எஃகு கூர்மையான ஒலி தரும். வியர்வைக்கும் ஈரத்திற்கும் நன்கு தாங்கும்.

ஒரு துறவி கண்ட விதி

தந்தியின் பருமனை ஏன் பார்க்கவேண்டும் என்பதைத் தெளிவாக விளக்கியவர் நம் திருச்சபையின் துறவி ஒருவர் என்பது பலரும் அறியாத செய்தி. புனித பவோலா பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையைச் சேர்ந்த மரின் மெர்சென் அடிகளார் (1588–1648) பாரீஸ் நகரில் வாழ்ந்து, கணிதமும் இசையும் ஆராய்ந்தவர். இசையின் இணக்கத்தைப் பற்றி 1636-இல் அவர் வெளியிட்ட பெருநூலில் தந்திகளின் விதிகள் காணப்படுகின்றன. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். நீளத்தை மாற்றாமல் ஒரு ஸ்தாயி உயர்த்த வேண்டுமாயின் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். இழுவிசை மாறாதிருக்க, தந்தியின் பருமனை இரட்டித்தால் சுரம் ஒரு ஸ்தாயி தாழும்.

கித்தாரின் மெல்லிய தந்தி நொடிக்கு ஏறத்தாழ 330 முறையும் தடித்த தந்தி 82 முறையும் அதிர்கின்றன. ஒரே நீளமுள்ள தந்திகளில் இத்துணை வேறுபாடு வரவேண்டுமாயின், பருமன் வேறுபட்டே ஆகவேண்டும். இப்பருமனை இசைவாணர் கேஜ் என்பர். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கே இதன் அளவு. உறையின்மேல் 10–46 என்றிருந்தால், மெல்லிய தந்தி ஆயிரத்தில் 10 பங்கும், தடித்தது 46 பங்கும் பருமனுள்ளவை என்று பொருள். அதாவது கால் மில்லிமீட்டரிலிருந்து சற்றேறக்குறைய 1.2 மில்லிமீட்டர் வரை.

பொதுவாகக் கிடைப்பவை 9–42, 10–46 என்னும் இரு அளவுகள். இருபத்தைந்தரை அங்குல நீளத்தில் 10–46 செட்டைச் சுருதி கூட்டினால், ஆறு தந்திகளும் சேர்ந்து கித்தாரின் கழுத்தை ஏறத்தாழ 47 கிலோ எடையளவு விசையோடு இழுக்கின்றன. 9–42 ஆனால் 39 கிலோ அளவு. பிஞ்சு விரல்களுக்கு இந்த எட்டுக் கிலோ பெரிய வேறுபாடு. தந்தி நீளம் இருபத்து நான்கேமுக்கால் அங்குலமாகவுள்ள கித்தார்களில் இழுவிசை மேலும் நூற்றுக்கு ஆறு பங்கு குறையும்.

கலிபோர்னியாவில் இசைக்கருவிக் கடை நடத்தி, கித்தாரும் கற்பித்துவந்த எர்னி பால் என்பவர், தம் மாணவர் தடித்த மூன்றாம் தந்தியை அழுத்த இயலாமல் துன்புறுவதைக் கண்டார். தந்தி உற்பத்தியாளர் வழங்கும் செட்டே அவர்களது துன்பத்திற்குக் காரணம் என்று உணர்ந்த அவர், 1962-இல் மெல்லிய தந்திகளைத் தனிச் செட்டாக விற்கத் தொடங்கினார். ஆசிரியர் ஒருவர் மாணவரின் விரலை உற்று நோக்கியதால் விளைந்த நன்மை இது. புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு 9–42 வாங்குவது நலம். விரல் உரமேறி, அழுத்தி வாசிக்கும் பழக்கம் வந்தபின் 10–46 வாங்கலாம். ஆனால் அளவை மாற்றினால் கழுத்தின் வளைவையும் பிரிட்ஜையும் அறிந்தவர் ஒருவர் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதை மறத்தலாகாது.

உறையின் கதை

எஃகின் பெரும்பகை ஈரம். உப்புக்காற்று அடிக்கும் கடற்கரைப் பங்குகளில் இதைச் சொல்லவேண்டியதில்லை. முற்காலத்தில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனிக் காகித உறையில் வந்தது. காகிதம் ஈரத்தைத் தடுக்கவில்லை. ஆகவே பிற்காலத்தில் உற்பத்தியாளர் பலர் ஆறு தந்திகளையும் காற்றுப் புகாத ஒரே உறையில் வைத்து, ஓரங்களைச் சூட்டால் ஒட்டி அனுப்பலாயினர். துருவைத் தடுக்கும் ஆவிப்பொருளை உறைக்குள் சேர்ப்போரும் உண்டு. காகிதமும் மிச்சமாயிற்று. படைப்பைப் பேணுதல் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலைப் படித்த நாம் இதை வரவேற்கவே வேண்டும்.

எனினும் புதிய முறை புதிய குறையையும் கொணர்ந்தது. தனி உறையில் ஒன்று கிழிந்தால் ஒரு தந்திதான் கெடும். ஒரே உறையின் ஓரம் சரிவர ஒட்டாவிடில் ஆறும் கெடும். தனி உறையின்மேல் பருமன் அச்சிட்டிருக்கும். ஒரே உறையில், தந்தியின் அடிநுனியிலுள்ள சிறு வளையத்தின் நிறத்தைக்கொண்டே எந்தத் தந்தி எதுவென்று அறியும்படி சில உற்பத்தியாளர் செய்துள்ளனர். வரிசை மாறினால் கற்கும் பிள்ளை தடுமாறும். ஒரே தந்தி இரண்டாயிருத்தல், ஒன்று குறைதல், மடிந்து முறிந்திருத்தல் ஆகியவையும் அரிதாக நேர்வதுண்டு. இவற்றுக்கு மேலாக, புகழ்பெற்ற பெயர்களின் உறையைப் போலவே அச்சிட்டு, தரங்குறைந்த கம்பியை உள்ளே வைத்து விற்கும் போலிகளும் சந்தையில் உள்ளன.

நாம் அறிந்த கடற்கரைப் பங்கு ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்வோம். கிறிஸ்மஸ் கீத பவனியில் கிடைத்த காணிக்கையிலிருந்து பாடற்குழுவினர் மூன்று செட் தந்திகளை வாங்கினர். கித்தார் வாசித்தவன் கடல் தொழிலாளி ஒருவரின் மகன்; கல்லூரியில் முதலாண்டு மாணவன். முதற் செட்டின் இரண்டாம் தந்தி மூவரசர் திருநாள் பூசையின்போது அறுந்தது. அடுத்த செட்டும் ஒரு வாரம் தாங்கவில்லை. பையன் சினிமாப் பாட்டு வாசிக்கிறான், கருவியைக் கடற்கரைக்கு எடுத்துச் செல்கிறான், பங்குப் பணத்தின் அருமை தெரியாதவன் என்றெல்லாம் பேச்சு எழுந்தது. கித்தாரை அவனிடமிருந்து வாங்கிவிடவேண்டும் என்று பெரியவர் சிலர் கூறினர். அவன் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாமல் பாடற்குழுவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

பட்டறைத் தொழிலாளியான பங்கு அன்பர் ஒருவர், மூன்றாம் உறையைத் திறக்குமுன் அனைவர் முன்னிலையிலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உறையின் ஒரு மூலை நகத்தின் அகலத்திற்கு ஒட்டப்படாமல் இருந்தது. பிரித்தபோது வெற்றுத் தந்திகளில் பழுப்புப் புள்ளிகள் காணப்பட்டன. விற்றவர் முதலில் பொறுப்பேற்க மறுத்தார். உறையின் படங்களும் அதன்மேலிருந்த எண்ணும் அனுப்பப்பட்டபின், உற்பத்தியாளர் மூன்று புதிய செட்டுகளை அனுப்பிவைத்தனர். தந்திகள் திரும்ப வந்தன. குற்றஞ்சாட்டிய பெரியவர் ஒருவர் மாலையில் அவன் வீட்டுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார். மற்றவர் கேட்கவில்லை. அவன் மீண்டும் வாசிக்கிறான். ஆனால் அவன் வாய்விட்டுச் சிரிக்கப் பல மாதங்கள் ஆயின. சில நூறு ரூபாய்ப் பொருளின் உறையில் இருந்த குறை, ஓர் இளைஞனின் நற்பெயரை விலையாகக் கேட்டது.

செய்யவேண்டியவை

முதலாவதாக, வாங்கும்போதே உறையை நோக்குக. இந்தியாவில் சில்லறையில் விற்கப்படும் பொதியின்மேல், உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, குறைகளைத் தெரிவிக்கும் தொடர்பு ஆகியவை இருக்கவேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் விதி. இவை இல்லாத பொதியையும், நம்பமுடியாத மலிவு விலையையும் ஐயுறுக. ரசீது கேட்டு வாங்குக.

இரண்டாவதாக, பிரிக்குமுன் ஓரங்களைத் தடவிப் பார்த்து, ஒரு படம் எடுத்து வைக்க. பிரித்தவுடன் ஆறு தந்திகளையும் வரிசையாகப் பரப்பி எண்ணுக. துருவோ மடிப்போ தெரிந்தால், அத்தந்தியைக் கித்தாரில் பூட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். உறையை எறிந்துவிடாமல் அதன்மேலுள்ள எண்ணோடு காத்து வைக்க.

மூன்றாவதாக, தந்தி அறுந்தால் எங்கே அறுந்தது என்று பார்க்க. எப்போதும் பிரிட்ஜின் மேல் ஒரே இடத்தில் அறுந்தால், அங்கே கூரான விளிம்பு இருக்கலாம், குற்றம் கித்தாரினுடையது. முறுக்காணியருகே அறுந்தால், பூட்டிய முறையில் குறை இருக்கலாம். அடி வளையத்தின் முறுக்கிலேயே அவிழ்ந்தால், தந்தி செய்யப்பட்டதில் குறை இருக்கலாம். உறை பிரித்த அன்றே துரு காணப்பட்டால், உறையையோ சேமிப்பையோ ஐயுறவேண்டும். இவ்வளவையும் பார்த்தபின்னரே வாசித்தவனைப் பற்றிப் பேசலாம்.

நான்காவதாக, முதலில் விற்றவருக்கும், பின்னர் உற்பத்தியாளருக்கும் சுருக்கமாக, மரியாதையோடு எழுதுக. வாங்கிய நாள், பொருளின் பெயர், எண், கண்ட குறை, வேண்டும் பரிகாரம் ஆகிய ஐந்தும் போதும். பதில் இல்லையெனில், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2020 ஜூலை 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இணையத்தின் வழி வாங்குவோர்க்கும் பாதுகாப்பு அளிக்கிறது.

இரு பக்கமும் நேர்மை

உறைமேல் எழுதியது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்றால் அது ஏழாம் கட்டளையை மீறுவதே. பிறர் பொருளைத் தம் பொருளைப்போலப் பேணுவதே வணிகம் என்று வள்ளுவரும் கருதினார். ஆயினும் அக்கட்டளை விற்பவரை மட்டும் கட்டுவதன்று. அளவுக்கு மீறி முறுக்கித் தானே அறுத்துவிட்ட தந்தியை, உறைக்குள்ளேயே அப்படி இருந்ததென்று எழுதிப் புதியதைப் பெறுபவரும் அதை மீறுகின்றனர். இன்று வீட்டிலிருந்தபடியே படம் எடுத்து முறையிடுவது எளிது. பொய் சொல்வதும் அதே அளவு எளிது. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது பெற்றோர் எழுதும் அந்தச் சிறு கடிதம், மறைக்கல்வி வகுப்பைவிட ஆழமாக அவன் உள்ளத்தில் பதியும்.

எட்டாம் கட்டளை இன்னும் நுண்ணியது. குறையுள்ள பொருளுக்கு மாற்று உண்டு. பொய்யாகக் கெடுக்கப்பட்ட பெயருக்கு எந்தக் கடையிலும் மாற்றுக் கிடைப்பதில்லை. கெடுத்தவரே அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டுள்ளார் என்பது திருச்சபையின் போதனை. ஆதலின், அன்புப் பெற்றோரே, பாடற்குழுப் பொறுப்பாளரே, அடுத்த முறை ஒரு தந்தி அறுந்தால், முதலில் உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பேச்சு அதற்குப் பின் இருக்கட்டும்.