அந்தச் சட்டை என்ன விலை? 1.3 கோடி சீன மாணவர்களைக் காதைத் தீட்ட வைக்கும் ஆங்கிலத் தேர்வு: கேட்பதைச் சோதிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

சீனாவில் பள்ளிப் படிப்பை முடித்த யாரிடமாவது ஆங்கிலத்தில், "அந்தச் சட்டை என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் சிரித்துக்கொண்டே, "9 பவுண்ட் 15 பென்ஸ்" என்பார்கள்.

அது எந்தக் கடையிலும் விற்கும் சட்டை இல்லை. சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வில், ஆங்கிலம் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியின் தொடக்கத்தில் மாதிரிக்காகத் தரப்படும் கேள்வி. 19.15, 9.18, 9.15 என மூன்று விலைகள் இருக்கும். சரியான விடை 9.15. பல ஆண்டுகளாக இதே மாதிரிக் கேள்விதான். அதனால் அந்தச் சட்டை ஒரு தலைமுறைக்கே ஜோக் ஆகிவிட்டது.

ஆனா அந்த மாதிரிக் கேள்விக்குப் பிறகு வரும் 20 நிமிடங்கள் ஜோக் இல்லை. அங்கே தவறவிடும் ஒரு வார்த்தை, எந்தக் கல்லூரியில் சேர்வது என்பதையே மாற்றிவிடலாம். அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது? படிப்பதைச் சோதிப்பதைவிட கேட்பதைச் சோதிப்பது ஏன் பெரிய தலைவலியாக இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

காவ்காவ்: என்ன தேர்வு இது?

சீனாவில் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 7-ம் தேதி தொடங்கும் தேசிய கல்லூரி நுழைவுத் தேர்வின் பெயர் 'காவ்காவ்'. 2024-ல் இதற்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர்.

சீன மொழி, கணிதம், வெளிநாட்டு மொழி ஆகிய மூன்றும் கட்டாயப் பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 150 மதிப்பெண். வெளிநாட்டு மொழியாக ஆங்கிலம், ரஷ்யன், ஜப்பானிய மொழி, பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் என ஆறில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். ஆனாலும் மிகப் பெரும்பாலானோர் எழுதுவது ஆங்கிலம்தான்.

ஆங்கிலத்துக்கு இந்த இடம் ஒரே நாளில் கிடைக்கவில்லை. கலாச்சாரப் புரட்சியின்போது நிறுத்தப்பட்ட நுழைவுத் தேர்வு 1977-ல் மீண்டும் தொடங்கியது. ஆரம்பத்தில் ஆங்கில மதிப்பெண் மொத்தக் கணக்கில் முழுமையாகச் சேரவில்லை. பங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டப்பட்டு, 1983-ல்தான் முழு மதிப்பெண்ணும் சேர்ந்தது.

கேள்வித்தாளில் என்ன இருக்கும்?

பெரும்பாலான மாகாணங்களில் இப்போதைய வடிவம் இதுதான். மொத்தம் 120 நிமிடம், 150 மதிப்பெண்.

• கேட்டுப் புரிந்துகொள்ளுதல்: 20 கேள்விகள், 30 மதிப்பெண்

• படித்துப் புரிந்துகொள்ளுதல்: 20 கேள்விகள், 50 மதிப்பெண்

• கோடிட்ட இடம் நிரப்புதல், இலக்கணம்: 30 மதிப்பெண்

• எழுதுதல்: 40 மதிப்பெண்

கேட்கும் பகுதிதான் முதலில் வரும். அது ஓடி முடிய சுமார் 20 நிமிடம். முதல் ஐந்து கேள்விகளுக்குக் குட்டி உரையாடல்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். அடுத்த 15 கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமான உரையாடல்களும் பேச்சும் வரும். இவை இரண்டு முறை ஒலிக்கும். ஒரு கேள்விக்கு 1.5 மதிப்பெண்.

படிக்கும் பகுதியில் நான்கு கட்டுரைகள், 15 கேள்விகள். சுற்றுலா அறிவிப்பு, ஒருவரின் அனுபவம், அறிவியல் செய்தி என எதுவும் வரலாம். கூடவே ஒரு வித்தியாசமான கேள்வியும் உண்டு. கட்டுரையில் ஐந்து வாக்கியங்களை எடுத்துவிட்டு, கீழே ஏழு வாக்கியங்கள் கொடுத்திருப்பார்கள். எது எந்த இடத்தில் பொருந்தும் என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வாக்கியங்கள் மாணவரை ஏமாற்றவே வைக்கப்பட்டவை. வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தால் மட்டும் இதில் தப்பிக்க முடியாது, கட்டுரை எப்படி நகர்கிறது என்பதும் புரிய வேண்டும்.

சரி, கேட்பது ஏன் கஷ்டம்?

படிக்கும்போது புரியவில்லை என்றால் திரும்பப் படிக்கலாம். கேட்கும்போது அந்த வசதி இல்லை. ஒலி போனால் போனதுதான். விட்டுப்போன கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் கைவிட்டுப் போகும்.

இது எல்லா மொழிக்காரர்களுக்கும் பொதுவானது. மாண்டரின் பேசும் மாணவர்களுக்குக் கூடுதலாகச் சில சிக்கல்கள் இருக்கின்றன.

1. சொல்லின் கடைசி ஒலி: மாண்டரினில் ஒரு அசை பெரும்பாலும் உயிரொலியில் முடியும், அல்லது 'ன்', 'ங்' போன்ற ஒலியில் முடியும். க், ட், ப் என்று வெட்டி நிறுத்துவது கிடையாது. ஆங்கிலத்திலோ அர்த்தமே அந்தக் கடைசி ஒலியில்தான் தொங்கும். 'வாக்' என்றால் நட, 'வாக்ட்' என்றால் நடந்தான். அந்தச் சின்ன 'ட்' காதில் விழாவிட்டால் காலமே மாறிவிடும். மாண்டரின் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது என்பதால், அந்த ஒலியைத் தேடும் பழக்கமும் இருக்காது.

2. ஒட்டிப் பேசுவது: 'நாட் அட் ஆல்' என்று புத்தகத்தில் படித்திருப்பார்கள். ஒலிப்பதிவில் அது 'நாட்டட்டால்' என்று ஒரே சொல்லாக ஓடும். 'போய் விட்டான்' என்பது நம் பேச்சில் 'போய்ட்டான்' ஆகிவிடுகிறதே, அந்த மாதிரி. தமிழைப் புத்தகத்தில் மட்டுமே படித்த வெளிநாட்டவர் நம் டீக்கடையில் திணறுவதும் இதனால்தான்.

3. அவனா, அவளா: மாண்டரின் எழுத்தில் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் தனித்தனி எழுத்துண்டு. பேச்சில் இரண்டுமே 'தா' தான். அதனால் ஆங்கில உரையாடலில் 'ஹி', 'ஷி' மாறி மாறி வரும்போது யாரைப் பற்றிய பேச்சு என்று குழப்பம் வரும்.

4. எண்கள்: சீன மொழியில் பத்தாயிரத்துக்கு 'வான்' என்று தனிச்சொல் உண்டு. 1,20,000 என்பது அவர்களுக்கு '12 வான்'. ஆங்கிலத்தில் அது '120 தௌசண்ட்'. லட்சம், கோடியில் யோசிக்கும் நமக்கு 'மில்லியன்' என்று கேட்டதும் ஒரு நொடி தடுமாற்றம் வருகிறது அல்லவா? அதே நொடிதான் அங்கே மதிப்பெண்ணைத் தின்கிறது.

படிப்பதிலும் ஒரு தடை உண்டு. 'நேற்று கடைக்கு வந்த பையன்' என்று தமிழில் விளக்கம் முன்னால் வரும், பையன் கடைசியில் வருவான். சீன மொழியிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் பையன் முதலில் வருவான், விளக்கம் பின்னால் நீண்டுகொண்டே போகும். நீளமான வாக்கியத்தில் எது எதோடு சேர்கிறது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் நேரம் ஓடிவிடும்.

கேள்வி எதைச் சோதிக்கிறது?

நல்ல கேள்வி, காதில் விழுந்த சொல்லை அப்படியே விடையாக வைக்காது. உதாரணத்துக்கு ஒன்று. தோழி, "சாயங்காலம் சினிமாவுக்கு வர்றியா?" என்கிறாள். அவன், "ஆசைதான். ஆனா அக்கா ஊர்ல இருந்து வர்றா" என்கிறான். கேள்வி: அவன் மாலையில் என்ன செய்வான்?

'சினிமா' என்ற சொல் தெளிவாகக் காதில் விழும், விடைகளிலும் அது இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் தப்பு. 'ஆசைதான், ஆனா' என்பது மறுப்பு என்று புரிந்தால்தான் மதிப்பெண். படிக்கும் பகுதியிலும் இதே உத்திதான். கட்டுரையில் உள்ள சொல்லை அப்படியே எடுத்து வைத்த விடை பல நேரங்களில் பொறி. சரியான விடை அதே கருத்தை வேறு சொற்களில் சொல்லும்.

இனிதான் உண்மையான சிக்கல்

படிக்கும் தேர்வை நடத்தக் கேள்வித்தாளும் மேஜையும் போதும். கேட்கும் தேர்வுக்கு ஸ்பீக்கர் வேண்டும், மின்சாரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அமைதி வேண்டும். கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் முதல் பெஞ்சில் இருப்பவருக்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும்.

அதனால்தான் காவ்காவ் நாட்களில் தேர்வு மையங்களைச் சுற்றி ஹார்ன் அடிக்கத் தடை விதிக்கிறார்கள். பக்கத்தில் நடக்கும் கட்டட வேலையை நிறுத்தச் சொல்கிறார்கள். ஒலிப்பதிவு தொடங்கிய பிறகு யாராவது நாற்காலியை இழுத்து உட்கார்ந்தால்கூட மற்றவர்களுக்கு இடைஞ்சல். அதனால் மற்ற பாடங்களுக்கு இருக்கும் தாமதச் சலுகை இதற்கு இல்லை. கேட்கும் பகுதி உள்ள ஆங்கிலத் தேர்வுக்கு, தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பே கதவை மூடுவது அங்கே வழக்கம்.

இதைவிடப் பெரிய கேள்வி, தேர்வு அறைக்குள் வருவதற்கு முன்பே தொடங்குகிறது. ஆங்கிலம் படிக்க ஒரு புத்தகமும் விடாமுயற்சியும் இருந்தால் கிராமத்து மாணவரும் முன்னேறலாம். கேட்கும் பயிற்சிக்கு நல்ல உச்சரிப்புள்ள ஆசிரியரும் கருவிகளும் தேவை. பெருநகரப் பள்ளியில் இருப்பது மலைக்கிராமப் பள்ளியில் இருக்காது.

இதனால் சில மாகாணங்கள் பல ஆண்டுகளாக வேறு வழியில் போயின. கேட்கும் தேர்வை நடத்தினாலும் அந்த மதிப்பெண்ணை மொத்தத்தில் சேர்க்கவில்லை. மீதி 120-க்கு வாங்கிய மதிப்பெண்ணை 150-க்கு மாற்றிக்கொண்டார்கள். 120-க்கு 96 வாங்கியவருக்கு 150-க்கு 120.

நியாயம்தானே என்று தோன்றும். ஆனா இதற்கும் ஒரு விலை உண்டு. மதிப்பெண் இல்லாததை வகுப்பில் யாரும் மெனக்கெட்டு நடத்த மாட்டார்கள். ஏற்கெனவே கேட்கும் வாய்ப்பு குறைவாக உள்ள மாணவர், பள்ளியை முடிக்கும்போது ஆங்கிலத்தைப் படிக்க மட்டுமே தெரிந்தவராக வெளியே வருவார். கல்லூரியில் நகரத்து மாணவர்களோடு உட்காரும்போது அந்த இடைவெளி தெரியும்.

ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு வழி

பெய்ஜிங்: 2021 முதல், கேட்பதற்கும் பேசுவதற்கும் சேர்த்து 50 மதிப்பெண். கணினியில் தேர்வு. ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு, எதில் அதிகமோ அது கணக்கில் சேரும். 'ஒரே நாளில் எல்லாம் முடிந்தது' என்ற பயம் இதில் குறைகிறது.

குவாங்டாங்: இங்கேயும் கேட்பதும் பேசுவதும் கணினி வழியில்தான். 2011-ல் 15 மதிப்பெண்ணாக இருந்தது, 2021-ல் 20 ஆனது.

தைவான்: கேட்கும் தேர்வு தனியாக நடக்கிறது, ஆண்டுக்கு இருமுறை. எண்ணுக்குப் பதிலாக ஏ, பி, சி, எஃப் என்று தரம் மட்டுமே. கல்லூரித் துறைகள் 'குறைந்தது இந்தத் தரம் வேண்டும்' என்று கேட்கலாம். அரை மதிப்பெண்ணுக்காக அடித்துக்கொள்ளும் நிலை இதில் இல்லை.

ஹாங்காங்: 2012-ல் தொடங்கிய பள்ளியிறுதித் தேர்வில் படிப்பதற்கு 20 சதவீதம், கேட்பதோடு எழுதுவதும் இணைந்த தாளுக்கு 30 சதவீதம். இங்கே பல ஆண்டுகள் ஒலிப்பதிவைப் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎச்கே வானொலியில் ஒலிபரப்பினார்கள். மாணவர்கள் பேனா, பென்சிலோடு சின்ன ரேடியோவும் ஹெட்போனும் எடுத்துக்கொண்டு தேர்வுக்குப் போனார்கள்.

இரண்டு முறை நடத்தினால் பிரச்சினை தீர்ந்ததா?

அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு கேள்வித்தாள்களும் ஒரே அளவு கடினமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எளிதான தாள் கிடைத்தவருக்கு லாபம்.

ஜெஜியாங் மாகாணம் 2018 நவம்பரில் இதில்தான் மாட்டிக்கொண்டது. அந்த முறை ஆங்கிலத் தாள் கடினம் என்று கருதி, அதிகாரிகள் சில கேள்விகளின் மதிப்பெண்ணை மாற்றிக் கணக்கிட்டார்கள். மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. முடிவு வந்ததும் பெற்றோர்கள் கொதித்தார்கள். மாகாண அரசு விசாரித்து, டிசம்பரில் அந்தக் கணக்கை ரத்து செய்து, வாங்கிய மதிப்பெண்ணையே திரும்பக் கொடுத்தது. மாகாணக் கல்வித் துறைத் தலைவரின் பதவி பறிபோனது.

கஷ்டமான தாளைக்கூட மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், எழுதி முடித்த பிறகு விதியை மாற்றினால் பொறுக்க மாட்டார்கள். அதிகாரிகளுக்கு அந்தச் சம்பவம் கற்றுக்கொடுத்த பாடம் இது.

ஆங்கிலத்தையே குறைத்துவிட்டால்?

இந்தக் குரலும் சீனாவில் அடிக்கடி எழுகிறது. 2013-ல் பெய்ஜிங் வெளியிட்ட ஒரு வரைவு, ஆங்கிலத்தை 150-லிருந்து 100 ஆகக் குறைக்கலாம் என்றது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2021-ல் ஷாங்காய் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கில இறுதித் தேர்வை நிறுத்தியது. ஆனா காவ்காவில் ஆங்கிலம் இன்றும் அதே 150 மதிப்பெண்ணோடு நிற்கிறது.

சுருக்கமா சொன்னா...

படிப்பதை மட்டும் சோதித்தால் தேர்வு நடத்துவது எளிது, வசதியில்லாத மாணவருக்கும் ஓரளவு நியாயம். ஆனா காதும் வாயும் பழகாத ஆங்கிலம்தான் மிஞ்சும். கேட்பதையும் சோதித்தால் உண்மையான மொழித்திறன் தெரியும், ஆனா வசதியுள்ள பள்ளிக்குச் சாதகமாகப் போகும். இரண்டையும் சரிக்கட்ட இருக்கும் வழி, கேட்கும் தேர்வை எடுத்துவிடுவது இல்லை. மலைக்கிராமப் பள்ளிக்கும் நல்ல ஸ்பீக்கரும் நல்ல ஆசிரியரும் போய்ச் சேர வேண்டும்.

அதுவரை அந்தச் சட்டையின் விலை எல்லோருக்கும் 9 பவுண்ட் 15 பென்ஸ்தான். ஆனா அதைச் சரியாகக் காதில் வாங்க, ஒவ்வொரு மாணவரும் கொடுக்கும் விலை வேறு வேறு.