வளர்ப்பு முத்து: திரையில் பாதி, கையில் பாதி

மனிதன் தொடங்கிவைக்க, சிப்பி செய்து முடிப்பது வளர்ப்பு முத்து. சென்னை தியாகராய நகர் உஸ்மான் சாலையிலோ மயிலாப்பூர் மாடவீதிகளிலோ இன்று அசல் முத்து என்று வாங்கப்படும் சரங்களில் ஏறத்தாழ எல்லாமே இந்த வகைதான். கடலில் தானாக விளைந்த இயற்கை முத்தைப் பழைய குடும்ப நகைகளிலும் பெரிய ஏலங்களிலும்தான் பெரும்பாலும் காண முடியும். முத்தைப் பற்றிக் கற்றுத்தரும் இணைய வகுப்புகள் பெருகிவிட்ட காலம் இது. வாங்குபவர், விற்பவர், வளர்க்க நினைப்பவர் என மூன்று தரப்பாரும் அவற்றில் சேர்கிறார்கள். அந்த வகுப்புகளில் எதைக் கற்கலாம், எதைக் கண்ணாலும் கையாலும்தான் கற்க வேண்டும் என்பதைப் பிரித்தறிய, முத்தின் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

சிப்பிக்குள் நடப்பது

சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்பது பழைய நம்பிக்கை. மணல் துகள் உள்ளே புகுந்து உறுத்துவதால் முத்து உண்டாகிறது என்பது பள்ளிப் பாடம் வரை வந்துவிட்ட இன்னொரு நம்பிக்கை. கடலடியில் வாழும் சிப்பிக்கு மணலை வெளியே தள்ளத் தெரியும். உண்மையான காரணம் அதன் உடலைப் போர்த்தியிருக்கும் மேன்டில் என்ற மெல்லிய சவ்வில் இருக்கிறது.

சிப்பியின் ஓட்டைச் சுரந்து கட்டுவது இந்தச் சவ்வின் வெளிப்புறச் செல்கள்தான். ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ அந்தச் செல்களில் சில இடம்பெயர்ந்து உடலுக்குள் போய்விடுவது உண்டு. போன இடத்திலும் அவை தம் வேலையை விடுவதில்லை. ஒன்றாகத் திரண்டு ஒரு சிறு பையாகி, அந்தப் பைக்குள் ஓட்டுப் பொருளைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அப்படித் திரள்வதுதான் முத்து.

அந்தப் பொருள் கால்சியம் கார்பனேட். அது அரகோனைட் என்னும் படிக வடிவில், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனுள்ள தகடுகளாக அடுக்கப்படுகிறது. தகடுகளுக்கு நடுவே புரதப் பசை ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒளி இந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது ஒன்றோடொன்று கலந்து முத்துக்கே உரிய பளபளப்பையும் வண்ணச் சாயலையும் தருகிறது. தகடுகள் மெலிந்தும் ஒழுங்காகவும் இருந்தால் நீரோட்டம் எனப்படும் இந்தப் பளபளப்பு கூடும். தடித்தும் கலைந்தும் இருந்தால் முத்து சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிக் கிடக்கும்.

மனிதன் கண்ட வழி

சிப்பிக்குள் எதையேனும் வைத்தால் அதன்மேல் முத்துப் பூச்சு படியும் என்பதைச் சீனர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். நன்னீர்ச் சிப்பியின் ஓட்டுக்கும் சவ்வுக்கும் நடுவே சிறு புத்தர் உருவங்களைச் செருகிப் பூச்சேற்றி எடுத்தார்கள். ஜப்பானில் கோகிச்சி மிக்கிமோட்டோ 1893இல் ஓட்டோடு ஒட்டிய அரைக்கோள முத்தை விளைவித்தார். முழு உருண்டை முத்துக்கான வழியைத் தோகிச்சி நிஷிகாவாவும் தாட்சுஹெய் மிசேயும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனித்தனியே கண்டார்கள். உருண்டை மணி ஒன்றோடு, வேறொரு சிப்பியிலிருந்து வெட்டிய மேன்டில் திசுத்துண்டையும் சேர்த்து உடலுக்குள் வைப்பதே அந்த வழி. திசுவின் செல்கள் மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து, அதன்மேல் முத்துப் பூச்சைச் சுரக்கின்றன.

மிக்கிமோட்டோவின் உருண்டை முத்துகள் 1920களில் லண்டனுக்கும் பாரிசுக்கும் போனபோது வணிகர்கள் அவற்றைப் போலி என்று எதிர்த்தார்கள். ஆனால் அவை சிப்பிக்குள் விளைந்த மெய்யான முத்துகளே என்பது நிலைபெற்றது. இன்று பன்னாட்டு வணிக விதிப்படி அவற்றை 'வளர்ப்பு' என்ற அடைமொழியோடுதான் சொல்ல வேண்டும். வளர்ப்பு முத்து வேறு, போலி முத்து வேறு என்பதே எந்த முத்துப் பாடத்துக்கும் முதல் படி. போலி என்பது கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மணிமேல் பளபளப்பான பூச்சு ஏற்றியது. அதில் சிப்பியின் பங்கே இல்லை.

தூத்துக்குடியில் விளைந்த முத்து

முத்துக்குப் பெயர்போன கொற்கை பாண்டியரின் துறைமுகம். மன்னார் வளைகுடாவின் அடித்தளத்தில் 'பார்' எனப்படும் பாறைப் படுகைகளில் சிப்பிகள் கூட்டமாய் வளரும். அவை முதிர்ந்த ஆண்டுகளில் மட்டும் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடக்கும். பல ஆண்டுகள் பார்கள் வெறுமையாகவே கிடப்பதும் உண்டு. 1955இல் தொடங்கிய வரிசையான குளிப்புகள் 1961இல் முடிந்தன. அதன்பின் தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1972இல் தூத்துக்குடியில் முத்து வளர்ப்பு ஆய்வைத் தொடங்கியது. தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் பண்ணை அமைந்தது. கே. அழகர்சாமி தலைமையிலான குழு 1973 ஜூலையில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்தது. 'பிங்க்டாடா ஃபியூகாட்டா' என்ற மன்னார் வளைகுடாச் சிப்பி, ஜப்பானின் அகோயா சிப்பிக்கு மிக நெருங்கிய உறவு. 1981இல் அதே நிறுவனம் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உருவாக்கியது. பார்களில் சிப்பி கிடைக்காத ஆண்டுகளிலும் வளர்ப்பு நடத்த இது வழி திறந்தது.

இந்த ஆய்வில் தெரிந்த ஓர் உண்மை முத்து வாங்குபவருக்கும் பயன்படும். தமிழகக் கடலின் வெதுவெதுப்பான நீரில் பூச்சு வேகமாகப் படிகிறது. சிறு மணிக்குப் பூச்சேறச் சில மாதங்களே போதும். ஜப்பானியக் குளிர் நீரில் அது மெதுவாகவே படியும். அங்கே குளிர்காலத்தில் அறுவடை செய்வதற்குக் காரணமும் அதுதான்: குளிர் மாதங்களில் கடைசியாகப் படியும் மெல்லிய தகடுகள் மேற்பரப்பின் மிளிர்வைக் கூட்டுகின்றன. சீக்கிரம் விளைந்ததா, பொறுமையாய் விளைந்ததா என்பதை முத்தின் முகமே சொல்லிவிடும்.

அரசு நிறுவனமும் தனியார் நிறுவனமும் கைகோத்து வணிக முயற்சி செய்தும், கடல்முத்து வளர்ப்பு தமிழகத்தில் பெருந்தொழிலாக வேரூன்றவில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் எழுத்தாக நிலைத்திருக்கின்றன. 1987இல் அழகர்சாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வந்த முத்து வளர்ப்புத் தொகுதி உட்பட, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள் அதன் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முத்தைப் பற்றித் தமிழகத்தின் சொந்த அனுபவத்தைப் படிக்க விரும்புவோருக்குத் தூத்துக்குடி வெளியீடுகளே முதல் பாடநூல்.

சந்தைக்கு வரும் நால்வகை

முதல் வகை ஜப்பானிய அகோயா. பெரும்பாலும் 10 மில்லிமீட்டருக்குள், வெண்மையும் கூர்மையான பளபளப்பும் கொண்டது. இரண்டாவது தென்கடல் முத்து. ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியான்மர் கடல்களின் பெரிய சிப்பியில் வெள்ளையாகவும் பொன்னிறமாகவும் விளைவது. மூன்றாவது பிரெஞ்சு பாலினேசியாவின் தாஹித்தி முத்து. கறுப்பு, சாம்பல், மயில்கழுத்துப் பச்சை என இயற்கையிலேயே அடர்நிறம் காட்டுவது. நான்காவது சீன நன்னீர் முத்து.

எண்ணிக்கையில் இந்த நான்காம் வகையே சந்தையை நிறைத்திருக்கிறது. இதில் பெரும்பாலும் மணி வைப்பதில்லை, திசுத்துண்டு மட்டும் வைக்கிறார்கள். அதனால் உள்ளிருந்து வெளிவரை முழுவதும் முத்துப் பொருளாகவே இருக்கும். ஒரே சிப்பியில் பல முத்துகள் விளைவதால் விலையும் குறைவு. ஹைதராபாத்தில் துளையிட்டுக் கோத்து இந்தியா முழுவதும் போகும் முத்துகளில் பெரும்பகுதி இப்படி வெளிநாட்டிலிருந்து வருபவை.

தரம் காணும் ஏழு

இணைய வகுப்புகள் பெரும்பாலும் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. வகுத்த ஏழு அளவுகோல்களை ஒட்டியே முத்தை மதிப்பிடக் கற்றுத்தருகின்றன: அளவு, வடிவம், நிறம், நீரோட்டம், மேற்பரப்பு, பூச்சின் தரம், ஒரு சரத்து முத்துகளின் பொருத்தம். இவற்றில் முதலில் பார்க்க வேண்டியது நீரோட்டம். முத்தின்மேல் விழும் விளக்கின் பிம்பம் விளிம்பு சிதறாமல் தெரிந்தால் நீரோட்டம் உயர்ந்தது. பாலில் கரைந்ததுபோல் பரவினால் தாழ்ந்தது.

கடையில் சரத்தை வெள்ளைத் துணிமேல் நேராக நீட்டி, முதலில் ஒட்டுமொத்தமாகப் பார்க்க வேண்டும். பொருந்தாத நிறமும் அளவும் அப்போதே கண்ணில் படும். பிறகு சரத்தை மெல்ல உருட்ட வேண்டும். உருளும்போது ஆடி ஆடிப் போகும் முத்து முழு உருண்டை அன்று. ஒளிப் பக்கமும் இருள் பக்கமும் மாறி மாறி மின்னினால், மெல்லிய பூச்சுக்குள் இருக்கும் மணியின் ஓட்டு வரிகள் தெரிகின்றன என்று பொருள். கடைசியாகத் துளையின் வாயை உருப்பெருக்கி வழியே நோக்க வேண்டும். பூச்சு எங்கே முடிகிறது, மணி எங்கே தொடங்குகிறது என்ற கோடு அங்கே தெரியும். அங்கேயே பூச்சு உரிந்து வண்ணம் திரண்டிருந்தால் அது போலி.

இரண்டு முத்துகளை ஒன்றோடொன்று மெல்லத் தேய்த்தால் அசலில் சொரசொரப்பு உணரப்படும், போலி வழுக்கும். ஆனால் இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் இப்படிப் பிரிக்க முடியாது. அதற்கு எக்ஸ்-கதிர்ப் படமும் ஆய்வகச் சான்றிதழும் வேண்டும். பாட்டியின் பெட்டியில் இருக்கும் பழைய 'பஸ்ரா முத்து' (இயற்கை முத்து என்று சொல்லப்படுவது) எந்த வகை என்பதைக் கடைக்காரரின் கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது.

மயிலாப்பூரில் நாட்டிய நகைக் கடைகளில் தொங்கும் நெற்றிச்சுட்டியிலும் ஜிமிக்கியிலும் கோக்கப்படுவது பெரும்பாலும் போலி முத்துதான். மேடை விளக்கின் சூட்டையும் வியர்வையையும் தாங்க வேண்டிய நகைக்கு அது பொருத்தமும்கூட. விற்பவர் அதை அப்படியே சொல்லி, அதற்கேற்ற விலை வாங்கும்வரை அதில் குறையில்லை.

எந்த வகுப்பு எதற்கு

தரம் அறியும் வகுப்புகளில் இரண்டு உலகெங்கும் அறியப்பட்டவை. அமெரிக்க வளர்ப்பு முத்துச் சங்கத்தின் 'பேர்ல்ஸ் ஆஸ் ஒன்' முத்தின் வகைகளையும் வணிகத்தையும் இணையத்திலேயே கற்றுத்தருகிறது. ஜி.ஐ.ஏ. நிறுவனம் முத்துப் பாடத்தை இணையத்தில் வைத்துவிட்டு, தரம் பிரிக்கும் பயிற்சியை நேரடி ஆய்வக வகுப்பாக நடத்தும் முறையைக் கொண்டது. இந்தப் பிரிவினையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நிறமும் நீரோட்டமும் திரைக்குத் திரை மாறும். நல்ல முத்தையும் நடுத்தர முத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துப் பழகினால் ஒழிய, கண் அவற்றைப் பிரிக்காது. அடையாறிலோ தியாகராய நகரிலோ வசிப்பவருக்கு அந்த வசதி பக்கத்துக் கடைவீதியிலேயே இருக்கிறது. ஒரு பாடம் முடிந்ததும் ஒரு கடைக்குச் சென்று, வெவ்வேறு விலைச் சரங்களை ஒன்றாக வைத்துக் காட்டச் சொல்லிப் பார்ப்பதே சிறந்த வீட்டுப்பாடம்.

வளர்ப்பு வகுப்புகளுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. 'குளம் இருந்தால் போதும், லட்சக்கணக்கில் லாபம்' என்ற விளம்பரங்கள் யூடியூபில் நிறையவே உலவுகின்றன. நன்னீர் முத்து வளர்ப்புக்கு முறையான பயிற்சி தரும் அரசு அமைப்பு, புவனேஸ்வரத்துக்கு அருகே கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம். அங்கே வகுத்த முறைப்படி, முதலில் சிப்பிகளை இரண்டு மூன்று நாள் நெருக்கமாக வைத்து ஓட்டை மூடும் தசையைத் தளர்த்துகிறார்கள். பிறகு உடற்குழியிலோ மேன்டில் திசுவிலோ இனப்பெருக்க உறுப்பின் அருகிலோ மணியையோ திசுவையோ வைக்கிறார்கள். சில நாள் மருந்து கலந்த நீரில் பராமரித்து, நைலான் பைகளில் குளத்தில் தொங்கவிடுகிறார்கள். அறுவடைக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும்.

இந்த வரிசையைத் திரையில் படித்துவிடலாம். ஆனால் ஓட்டை எவ்வளவு திறந்தால் தசை அறும், கத்தி எந்த ஆழத்தில் நிற்க வேண்டும், சில மில்லிமீட்டர் திசுத்துண்டின் எந்தப் பக்கம் மணியைத் தொட வேண்டும் என்பவை கைப்பழக்கம். தவறினால் சிப்பி இறக்கும். இல்லையேல் மணியை வெளியே துப்பிவிடும். ஆகவே பணம் போடுமுன் நேரடிப் பயிற்சி, குளத்து நீரின் சுண்ணாம்புச் சத்துப் பரிசோதனை, விளையும் முத்தை வாங்க உண்மையான ஆள் ஆகிய மூன்றும் உறுதியாக வேண்டும். விளையப்போகும் முத்து முழுவதையும் தாமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் பணம் கட்டக் கூடாது.

வாங்கிய பிறகு

முத்தின் கடினத்தன்மை மோஸ் அளவில் 2.5 முதல் 4.5 வரைதான். தங்கமும் வைரமும் இருக்கும் பெட்டியில் போட்டால் கீறல் விழும். அதன் உடல் சுண்ணாம்புச் சத்து என்பதால் அமிலம் பட்டால் அரிக்கும். வியர்வை, வாசனைத் திரவியம், தலைச்சாயம் எல்லாம் அதற்குப் பகை. சென்னை வெயிலில் அணிந்து வந்த சரத்தை ஈரத் துணியால் துடைத்து, உலர்த்தித் துணிப்பையில் வைக்க வேண்டும். அலங்காரம் எல்லாம் முடிந்த பிறகே முத்தை அணிய வேண்டும். வீடு திரும்பியதும் முதலில் கழற்ற வேண்டும். பட்டு நூலில் முத்துக்கு முத்து முடிச்சிட்டுக் கோத்தால் முத்துகள் உரசாது. நூல் அறுந்தாலும் எல்லாம் சிதறாது. அடிக்கடி அணியும் சரத்தை நூல் தளர்ந்ததும் மறுபடி கோத்துக்கொள்வது நல்லது.