எஞ்சின் 'மிஸ்ஸிங்': பழுது எங்கே என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியும் சென்சாரும் பிரிக்க முடியாத ஜோடி. எந்த நொடியில் பொறி விழ வேண்டும், எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதை ஈசியூ என்ற சிறு கணினி முடிவு செய்கிறது. கிராங்க் சுழலும் வேகம், உள்ளே வரும் காற்றின் அளவு, கூலன்டின் வெப்பம், புகையில் மிஞ்சும் ஆக்சிஜன் ஆகியவற்றைச் சென்சார்கள் அதற்குத் தெரிவிக்கின்றன. இந்தத் தகவல் பிசகினாலும் பொறி பிசகினாலும் வெளியே தெரியும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே: ஐடிலிங்கில் வண்டி நடுங்கும், பிக்கப் குறையும், மைலேஜ் இறங்கும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். அதனால்தான் அறிகுறியை மட்டும் வைத்துப் பாகம் மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவாகிறது.

முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. மின்னழுத்தம் இறங்கினால் நல்ல சென்சாரும் தப்பாகப் பேசும். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையோ அதன் இணைப்புகளையோ சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.7 வரை நிற்கும்.

அடுத்தது செக் எஞ்சின் விளக்கு. அது நிலையாக எரிந்தால் நிதானமாகச் சோதிக்க அவகாசம் உண்டு. விட்டுவிட்டு மின்னினால் நிலைமை வேறு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது என்று பொருள். அந்த வெப்பத்தில் கன்வெர்ட்டர் உருகிப்போகலாம். அதன் விலை ஒரு செட் ஸ்பார்க் பிளக்கின் விலையைப் போலப் பல மடங்கு. அப்போது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் வண்டியை ஓரங்கட்டுவதே சரி.

விளக்கு எரிந்ததற்கான காரணத்தை ஈசியூ ஒரு குறியீடாகப் பதிந்து வைத்திருக்கும். அதைப் படிக்க ஓபிடி என்ற பொது ஏற்பாடு உள்ளது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் ஓபிடி-2 கட்டாயமானது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின் கீழ் 2013 ஏப்ரலில் வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் ஒரு சிறு புளூடூத் ஸ்கேனரைச் செருகி, கைபேசிச் செயலியில் குறியீட்டைப் பார்க்கலாம். அழிப்பதற்கு முன் குறியீட்டையும், பழுது பதிவான நேரத்தில் இருந்த வேகம், வெப்பம் போன்ற 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' விவரங்களையும் எழுதி வைப்பது அவசியம். அழித்துவிட்டால் துப்பும் போய்விடும்.

குறியீடு சுட்டுவது பழுதான பாகத்தை அல்ல, கோளாறு உணரப்பட்ட இடத்தை. பலர் இடறுவது இங்கேதான். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். அதைக் கண்டு ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவோர் அதிகம். அந்தச் சென்சார் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்டேக் பக்கம் வெடித்த ஒரு ரப்பர் குழாய் வழியே கணக்கில் வராத காற்று நுழைவதே காரணமாக இருக்கலாம்.

மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாத 'மிஸ்ஸிங்'கைக் காட்டும் குறியீடுகள் ஓரளவு நேரடியானவை. பி0301 முதல் சிலிண்டரையும் பி0302 இரண்டாவதையும் குறிக்கும். ஒவ்வொரு பிளக்கின் மேலும் பொறிக்கு மின்சாரம் தரும் தனிக் காயில் உள்ள எஞ்சினில் இதைச் சோதிக்கப் புதுப் பாகம் எதுவும் வேண்டாம். எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, பழுதுள்ள சிலிண்டரின் காயிலை அடுத்த சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றி, குறியீட்டை அழித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பழுது காயிலோடு இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. பழைய இடத்திலேயே நின்றால் பிளக்கையும் அதேபோல மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் நகரவில்லையென்றால் இன்ஜெக்டர், ஒயரிங், கம்ப்ரஷன் ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். பல சிலிண்டர்களில் மிஸ்ஸிங் என்று சொல்லும் பி0300 வந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு, எர்த் இணைப்பு பக்கம் கவனத்தைத் திருப்புவது நல்லது.

கழற்றிய பிளக் நிறைய சொல்லும். முனை இளம்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நலம். உலர்ந்த கருங்கரி பெட்ரோல் மிகுதியைக் காட்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே இறங்குகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் மிகை வெப்பம். பிளக் குழியிலேயே ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட் கசிகிறது. முனை இடைவெளி பல கார்களில் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை. சரியான அளவை வண்டியின் கையேடு சொல்லும். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றக் கூடாது. திரும்பப் பூட்டும்போது முதல் மரைகளைக் கையால்தான் ஏற்ற வேண்டும். ஓடும் எஞ்சினில் காயிலை உருவிப் பொறி பார்க்கும் பழைய வழக்கத்தைக் கட்டாயம் கைவிட வேண்டும். அதில் பல்லாயிரம் வோல்ட் பாய்கிறது.

சென்சார்களைச் சோதிக்க ஸ்கேனரின் நேரடி அளவீடுகள் போதும். விடியற்காலையில், எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தால் கூலன்டின் வெப்பமும் உள்வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சென்னைக் காலையில் கூலன்ட் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது அதைச் சென்சாரோடு இணைக்கும் கப்ளர் கழன்றிருக்கிறது. ஸ்டார்ட்டர் சுழலும்போது ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே நின்றால் கிராங்க் சென்சார் மீது சந்தேகம் விழும். சூட்டில் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டியிலும் இதே சென்சாரைப் பார்க்க வேண்டும். பழைய வகை ஆக்சிஜன் சென்சார் சூடான பிறகு 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் உறைந்து நின்றால் கலவையையும் சென்சாரையும் இரண்டையுமே சோதிக்க வேண்டும்.

சென்சார் வாங்கும் முன் அதன் கப்ளரைக் கழற்றிப் பார்ப்பது பணத்தை மிச்சமாக்கும். பச்சை பூத்த பின், மழைநீர், எலி கடித்த ஒயர் ஆகியவையே பல நேரங்களில் பழுதின் வேர். பல சென்சார்களுக்கு ஈசியூ 5 வோல்ட் தருகிறது. சாவி போட்ட நிலையில் அது கப்ளர் வரை வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கலாம். மஞ்சள் நிறக் கப்ளர்கள் பொதுவாக ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைத் தொடவே கூடாது. மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதும் உயிருக்கு ஆபத்து.

கம்ப்ரஷன், பெட்ரோல் அழுத்தம், டைமிங் செயின் ஆகியவை ஒர்க்‌ஷாப்புக்கு உரிய வேலைகள். அங்கே போகும்போது குறியீடு, ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரம், காயில் இடம் மாற்றிப் பார்த்ததன் முடிவு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மெக்கானிக் அந்தச் சோதனைகளை மறுபடி தொடங்க வேண்டியிருக்காது.