பெட்டி சுமக்கிறதா, பாட்டில் சுமக்கிறதா?

லாரியில் போகும் கண்ணாடி பாட்டிலுக்கு முதல் எதிரி, பக்கத்தில் நிற்கும் இன்னொரு பாட்டில்தான். மதுரையிலிருந்து ஒத்தக்கடை, மேலூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் நான்குவழிச் சாலையில் குண்டு குழி குறைவு. ஆனாலும் வில்பட்டைமேல் உட்கார்ந்திருக்கும் லாரித் தளம் நொடிக்கு மூன்று தடவையாவது மேலும் கீழும் அசைந்துகொண்டேதான் போகும். இரண்டரை மணி நேரத்தில் திருச்சி போய்ச் சேர்வதற்குள் இருபதாயிரம் அசைவுக்கு மேல் ஆகிவிடும். ஒவ்வொரு அசைவிலும் இரண்டு பாட்டில்கள் தோளோடு தோள் உரசினால் என்ன ஆகும்? அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் வினை.

உலையிலிருந்து புதிதாக வந்த கண்ணாடிக்குப் பலம் அதிகம். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்தாலே அந்தப் பலத்தில் பெரும்பங்கு போய்விடும். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஏ. ஏ. கிரிஃபித், 1921இல் வெளியான கட்டுரையில் இதற்குக் காரணம் சொன்னார். கண்ணாடியை இழுக்கும் விசை எல்லா இடத்திலும் சமமாகப் பரவுவதில்லை. கீறலின் கூர்முனையில் போய்க் குவிகிறது. மொத்த விசை சிறியதாக இருந்தாலும் அந்த ஒரு முனையில் அது பல மடங்காகி, விரிசல் ஓடிவிடுகிறது. பாட்டில் ஆலைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாட்டில் சூடாக இருக்கும்போதே டின் ஆக்சைடும், ஆறிய பிறகு பாலிஎத்திலீன் மெழுகும் மெல்லிசாகப் பூசி அனுப்புகிறார்கள். புதுப் பாட்டில் கையில் லேசாக வழுக்குவது அந்தப் பூச்சால்தான். லாரியில் உரசிக் கீறல் வாங்கிய பாட்டில் கடைக்கு முழுசாகவே வந்து சேரும். பிறகு ஒரு நாள் மேசைமேல் சற்று ஓசையோடு வைக்கும்போது உடையும். பழி வைத்தவர் மேல் விழும்.

ஆகவே பாட்டில் பெட்டியை வடிவமைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யார் யாரைத் தொடலாம் என்பது. இரண்டாவது, மேலே அடுக்கப்படும் எடையை யார் சுமப்பது என்பது. மற்ற எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

கோலி சோடா காலத்தில் இந்தக் கேள்விகளுக்குக் கண்ணாடியே பதில் சொல்லிவிட்டது. ஹிராம் காட் 1872இல் காப்புரிமை வாங்கிய அந்தப் பாட்டிலின் சுவர் அத்தனை தடிமன். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தத்தையும் தாங்கும், பல வருடம் போய்வரும் அடியையும் தாங்கும். விருதுநகரில் 1916இல் பழனியப்ப நாடார் காளிமார்க்கைத் தொடங்கிய காலத்துச் சோடாத் தொழிலுக்கு, அறை தடுத்த மரப்பெட்டியே போதுமானதாக இருந்தது. பின்னால் கண்ணாடி மெலிந்தது. பல இடத்தில் கண்ணாடியே போய் பெட் எனும் பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. பாட்டில் இறக்கி வைத்த வேலையைக் காகிதம் எடுத்துக்கொண்டது.

சொல்லப்போனால், நெளிவு அட்டையைப் பொட்டலம் கட்டக் கொண்டுவந்ததே பாட்டிலுக்காகத்தான். 1856இல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்ற இருவர் நெளித்த காகிதத்துக்குக் காப்புரிமை வாங்கியது தொப்பிக்கு உள்பட்டையாக வைப்பதற்கு. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் 1871இல் அதைப் பாட்டிலையும் விளக்குச் சிம்னியையும் சுற்றி அனுப்பப் பயன்படுத்தினார். அதுவரை அந்த வேலையை வைக்கோலும் மரத்தூளும் செய்துவந்தன. ஆனால் ஜோன்ஸின் தாள் வெறும் நெளிவு. இழுத்தால் நெளிவு நீண்டுவிடும். 1874இல் ஆலிவர் லாங் நெளிவின்மேல் ஒரு தட்டைத் தாளை ஒட்டினார். நெளிவு விரிய முடியாமல் கட்டுண்டது. இன்று நாம் கிழிக்கும் அட்டை அந்த ஒட்டலின் வாரிசு.

பழைய அட்டைப்பெட்டி ஒன்றை பிளேடால் அறுத்து விளிம்பைப் பாருங்கள். தகரக் கூரையின் வளைவு போல ஓர் அலை, இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவில் ஓடும். இதுதான் 3 ப்ளை. இன்னொரு அலையும் இன்னொரு தாளும் சேர்ந்தால் 5 ப்ளை. அலைக்கும் அளவு உண்டு: பி வகை நெளிவு 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, சி வகை 4 மில்லிமீட்டருக்குப் பக்கம், மிட்டாய்ப் பெட்டிக்கு வரும் இ வகை ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஒட்டுவது வெறும் ஸ்டார்ச் பசை. மக்காச்சோள மாவோ மரவள்ளி மாவோ, கூடக் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் போராக்ஸும். மாவைப் பச்சையாகவே அலையின் முகட்டில் தடவி, சூடான உருளைமேல் ஓட்டுகிறார்கள். அங்கேயே அது வெந்து ஒட்டிக்கொள்கிறது. கரப்பானும் ராமபாணப் பூச்சியும் அட்டைப்பெட்டியை விட்டு நகராததற்கு இந்தச் சாப்பாடு ஒரு காரணம்.

அந்த அலையின் குழல்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்துக் கிடந்தால் பெட்டி பார்க்க அதே பெட்டி, பலம் மட்டும் இருக்காது. உள்ளே வைக்கும் தடுப்பு அட்டைக்கும் இதே விதிதான். பார்ட்டிஷன் என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தடுப்பில் பசையும் இல்லை, பின்னும் இல்லை. நீளத் துண்டுகளில் மேலிருந்து பாதி வரை வெட்டு, குறுக்குத் துண்டுகளில் கீழிருந்து பாதி வரை வெட்டு. ஒன்றுக்குள் ஒன்றை இறக்கினால் அறைகள் தயார். பன்னிரண்டு பாட்டிலுக்கு 2 நீளம், 3 குறுக்கு, ஆக 5 துண்டுகள். நாற்பத்தெட்டு குவார்ட்டர் போகும் டாஸ்மாக் பெட்டிக்கு எட்டுக்கு ஆறாகத் தடுத்தால் 12 துண்டுகள். (முழுப் பாட்டில் 12, ஆஃப் 24, குவார்ட்டர் 48 என்ற கணக்கு விநோதமாகத் தெரியலாம். உலகம் முழுக்க மதுவை எண்ணும் அலகு 9 லிட்டர் பெட்டி. குவார்ட்டர் மட்டும் 8.64 லிட்டரில் நிற்கிறது.)

பன்னிரண்டு பாட்டிலை நான்குக்கு மூன்றாக அடுக்குவதா, ஆறுக்கு இரண்டாகவா? 75 மில்லிமீட்டர் விட்டமும் 29 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பாட்டிலுக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறுக்கு இரண்டில்தான் காகிதம் குறைவு: வெளிப்பெட்டியில் 2 சதவீதம், தடுப்பில் 6 சதவீதம். சுற்றளவு கூடுவதால் பலமும் கொஞ்சம் கூடுதல். அப்படியிருந்தும் சந்தையில் அதிகம் காண்பது நான்குக்கு மூன்றுதான். 15 சென்டிமீட்டர் அகலமும் 29 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெட்டியைத் தளத்தில் வைத்தால் லேசாக முட்டினாலே சாயும்; தூக்கும் ஆளுக்கும் கைக்கு அடங்காது. காகிதச் சிக்கனம் லோடுமேனின் தோளோடு மோதும்போது, தோள்தான் ஜெயிக்க வேண்டும்.

இனி எடை. ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் நபார்டு உதவியோடு ஒரு வேளாண் தொழில் வளர் மையம் இருக்கிறது. அங்கே வருபவர்களைப் போன்ற ஒரு சிறுதொழில்காரர் நன்னாரி சர்பத் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 700 மில்லி பெட் பாட்டில். சர்க்கரைப் பாகு தண்ணீரைவிடக் கனம், எனவே பாட்டிலோடு ஒன்று 950 கிராம் வரும். பன்னிரண்டு பாட்டிலும் பெட்டியும் சேர்ந்து 12 கிலோ. குடோனில் எட்டு அடுக்கு வைத்தால், அடிப்பெட்டியின் தலையில் ஏழு பெட்டி, 84 கிலோ.

பெட்டி எவ்வளவு தாங்கும் என்று உடைத்துப் பார்க்காமலே சொல்ல, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக் காகித வேதியியல் நிறுவனத்தைச் சேர்ந்த மெக்கீயும் கூட்டாளிகளும் 1963இல் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். அட்டையின் விளிம்பு எவ்வளவு நசுக்கலைத் தாங்குகிறதோ அந்த விகிதத்தில் பெட்டியின் பலம் கூடும். தடிமனும் சுற்றளவும் கூடினால் அவற்றின் வர்க்கமூல அளவுக்கு மட்டும் கூடும். தடிமனை இரட்டிப்பாக்கினாலும் அதனால் மட்டும் பலம் ஒன்றரை மடங்குகூட ஆகாது. பெட்டியின் உயரம் சூத்திரத்திலேயே இல்லை என்பது முதல் தடவை பார்ப்பவருக்குத் திகைப்பாக இருக்கும். வழக்கமான பெட்டி அளவுகளில் உயரம் பெரிதாகப் பாதிப்பதில்லை.

நம் சர்பத் பெட்டிக்கு நடுத்தரமான 3 ப்ளை அட்டையைப் போட்டால் சூத்திரம் தரும் விடை 134 கிலோ. சுமை 84தானே, தாராளம் என்று தோன்றும். ஆனால் அது ஆய்வகத்தில் சில விநாடிகளில் நசுக்கி எடுத்த பலம். நிரந்தரச் சுமையின் கீழ் காகிதம் களைத்துப்போகும். மூன்று மாதம் அடுக்கில் நின்றால் ஏறக்குறைய 55 சதவீதம்தான் மிஞ்சும். காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தை எட்டினால் அதிலும் பாதி போகும். மதுரைச் சமவெளியில் சித்திரை வெயிலில் முறுக்காக நின்ற அதே பெட்டி, ஐப்பசி அடைமழையில் 37 கிலோ தாங்கும் பெட்டியாகிவிடுகிறது. தலையிலோ 84 கிலோ. 5 ப்ளைக்கு மாறினால் 346 கிலோவில் தொடங்கி, இதே கழிவுகளுக்குப் பிறகு 95இல் நிற்கும். பிழைத்தது, மயிரிழையில்.

அந்த மயிரிழையையும் அடுக்குகிற விதம் அறுத்துவிடலாம். சுமையில் பெரும்பங்கைப் பெட்டியின் நான்கு மூலைகள்தான் சுமக்கின்றன. நடுச்சுவர் சீக்கிரம் வெளியே பிதுங்கிவிடும். மூலைமேல் மூலையாக நேர்த்தூணாக அடுக்கினால் பலம் முழுசாகக் கிடைக்கும். செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி அடுக்கினால் அடுக்கு சரியாமல் நிற்கும், ஆனால் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுச்சுவர்மேல் உட்கார்வதால் பலத்தில் பாதி வரை போகலாம். அனுபவசாலிகள் கீழே எல்லாம் தூணாக வைத்து, மேல் அடுக்கை மட்டும் மாற்றி வைத்துப் பூட்டுகிறார்கள். ஒரு பைசா செலவில்லாமல் பெட்டியின் பலத்தைக் கூட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இதே குடோனில் சர்பத்துக்குப் பக்கத்தில் கலர் பாட்டில் இருந்தால் கதை வேறு. வாயு அடைத்த பெட் பாட்டில் உள்ளழுத்தத்தால் விறைத்து நிற்கும். மேலே வரும் எடையை அதுவே வாங்கிக்கொள்ளும். அதனால்தான் கலர் பாட்டில்கள் பெரும்பாலும் பெட்டியே இல்லாமல் சுருக்கு பிளாஸ்டிக் உறையில் வருகின்றன. குடிதண்ணீர் பாட்டிலுக்கு அந்த வாயு இல்லை. மெல்லிய பாட்டிலில் தண்ணீர் அடைப்பவர்கள் சிலர் மூடுவதற்கு முன் ஒரு சொட்டுத் திரவ நைட்ரஜன் விடுகிறார்கள். அது ஆவியாகிப் பாட்டிலை விறைப்பாக்குகிறது. கண்ணாடி பாட்டிலோ மேலிருந்து வரும் எடையைத் தாராளமாகத் தாங்கும், ஆகவே அதன் பெட்டி உரசலைத் தடுத்தாலே போதும். வாயு இல்லாத பாகு நிரம்பிய பெட் பாட்டிலுக்குத்தான் நல்ல அட்டை வேண்டும்.

இத்தனைக்கும், நம் ஊரில் பெட்டி வாங்குபவர் விசாரிப்பது ஜி.எஸ்.எம். எவ்வளவு, பி.எஃப். எவ்வளவு என்றுதான். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில். பி.எஃப். என்பது காகிதத்தை அழுத்தி வெடிக்க வைக்கும் அழுத்தத்தை அந்த எடையோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு. உள்ளிருக்கும் பொருள் பெட்டியைக் கிழித்துக்கொண்டு வரும் ஆபத்து இருந்தால் அது உதவும். அடுக்கில் நிற்கும் பலத்தைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. அமெரிக்கச் சரக்குப் போக்குவரத்து விதிகளே 1991இல் வெடிப்புப் பலத்துக்கு மாற்றாக விளிம்பு நசுக்கல் அளவையும் ஏற்றுக்கொண்டன. பாட்டில் அடைப்பவர்கள் அட்டைக்காரரிடம் விளிம்பு நசுக்கல் எண்ணைக் கேட்கத் தொடங்கலாம். பரிசோதித்த வானிலை எது என்பதையும் கேட்க வேண்டும். சர்வதேச வழக்கம் 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம். இந்தியத் தரநிலையின் வழக்கம் 27 டிகிரி, 65 சதவீதம். ஒரே அட்டை இரண்டு இடத்திலும் இரண்டு எண் காட்டும்.

இங்கே கிடைக்கும் கிராஃப்ட் காகிதம் பெரும்பாலும் பழைய அட்டையை அரைத்துச் செய்தது. ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகும், பிடிப்பு குறையும், தண்ணீருக்கு இன்னும் இளகும். அதனால் தரையில் நேரடியாக அடுக்காமல் பலகைமேல் அடுக்குவதும், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைப்பதும் இங்கே வேறு எந்த இடத்தையும்விட முக்கியம்.

இப்போது புதுச் சிக்கல் ஒன்று வந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரியில் 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தருகிறார்கள். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அது போனது. பாட்டில் திரும்பி வருகிறது, பெட்டிதான் போகிற வழிக்கு மட்டும் வடிவமைத்தது. திறக்கும்போதே டேப்போடு மேல்தாள் கிழிந்துவிடும், தடுப்பு நசுங்கிவிடும். திரும்பி வருகிற பாட்டிலுக்கு மூடியும் இல்லை, அடியில் மிச்சம் இருக்கிற ஈரம் அட்டையில் இறங்கும். போய்வர இரண்டு வழிக்கும் தாங்குகிற பெட்டி வேண்டுமென்றால் மெழுகு பூசிய மேல்தாள் போடலாம், ஆனால் மெழுகு ஏறிய அட்டையை அரைக்கும் ஆலைகள் அதை விரும்பி வாங்குவதில்லை. பிளாஸ்டிக் கிரேட் வைத்தால் பத்து வருடம் வரும், காலியாகத் திரும்பும்போதும் லாரியில் அதே இடத்தை அடைக்கும்.