புது வீட்டுப் புழுக்கம்

படுவான்கரைப் பெண்களிடம் புது வீட்டைப் பற்றிக் கேட்டால் முதலில் நல்லதைத்தான் சொல்வார்கள். மழைக்கு ஒழுகாது, பாம்பு வராது, கதவைப் பூட்டலாம். கொஞ்ச நேரம் இருந்து கதைத்தால்தான் மற்றது வரும்: "பகலில உள்ளுக்க இருக்க ஏலா புள்ள, அவியுது." வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகும்போதெல்லாம் இதை நான் கேட்டிருக்கிறேன். மத்தியானத்தில் கல்வீட்டை விட்டுவிட்டுப் பழைய கிடுகுக் குசினிக்குள் பாய் விரித்துப் படுப்பவர்களையும் கண்டிருக்கிறேன்.

இதற்குக் காரணம் எளியது. பின்னிய ஓலைகளின் இடுக்குகளில் காற்று அடைபட்டு நிற்கிறது. அடைபட்ட காற்று சூட்டை இலகுவில் உள்ளே விடாது. மேலெழும் வெக்கையும் ஓலை இடைவெளிகளால் வெளியேறிவிடும். தாழ இறக்கிய கூரை, மண் சுவரில் வெயில் படாமல் காக்கும். தகரமும் சீற்றும் மெல்லியவை. வெயில் ஏறிய சிறிது நேரத்தில் சுட்டு, அந்தச் சூட்டை நேரே எமது தலையில் இறக்கும். சீமெந்துக் கல் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடும். மலைகளைக் கடந்து காய்ந்து வரும் கச்சான் காற்றுக் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

வீட்டு வரைபடத்தில் இருக்கும் யன்னல்கள் போதாதா என்று கேட்கலாம். கணவரை இழந்து, பெண் பிள்ளைகளோடு தனித்திருப்பவர்கள் இரவில் யன்னல் திறப்பதில்லை. ஏன் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே கூரையோரம், எதிரெதிர்ச் சுவர்களில், கம்பி வலை போட்ட காற்றுத் துவாரங்கள் வேண்டும். கைக்கு எட்டாது, பூட்டவும் தேவையில்லை.

கிடுகுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. ஓரிரு வருடத்திற்கொரு முறை வேய வேண்டும், நெருப்புப் பயம் வேறு. 1978 சூறாவளியைக் கண்டவர்கள் அதன் பலத்தையும் அறிவார்கள்.

யுத்தத்தின் பின் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டு, பயனாளிகளே நின்று வீட்டைக் கட்டினார்கள். துவாரம் எங்கே என்று மேசனிடம் சொல்ல அதில் இடமிருந்தது. 2016இல் வடக்கு கிழக்குக்கென 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் முன்மொழியப்பட்டன. ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம். எழுந்த எதிர்ப்புகளில் எமது வெயிலுக்கு அவை ஒவ்வாது என்பதும் ஒன்று. அத்திட்டம் நடக்கவில்லை.

கட்டி முடிந்த வீட்டிலும் சில வேலைகள் செய்யலாம். மேற்குச் சுவரோடு ஒரு கிடுகுப் பத்தி இறக்குங்கள், பின்னேர வெயில் சுவரைத் தொடாது. ஆனால் அடுப்பை அதற்குள் வைக்க வேண்டாம். தகரத்தின் மேல் வெள்ளைப் பெயின்ற் பூசலாம்; சுண்ணாம்பு தகரத்தை அரித்துவிடும். கூரையின் கீழ் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பாய் கட்டினாலும் வித்தியாசம் தெரியும். அஸ்பெஸ்டஸ் சீற்றானால் துளைக்கவோ, சுரண்டவோ, தேய்த்துக் கழுவவோ வேண்டாம், அதன் தூசு புற்றுநோயைத் தரக்கூடியது.

எமது ஊரில் வீடு மகளுக்குத்தான் சீதனமாகப் போகிறது. அத்திவாரம் வெட்ட அளவெடுக்கும் நாளில் மூன்று கேள்விகளை நீங்களே கேளுங்கள். கூரை எவ்வளவு உயரம்? துவாரம் எந்தெந்தச் சுவரில்? விறாந்தை எந்தப் பக்கம்?