மூன்றடிச் சந்தா, பத்தடி முற்றமா?

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு நாள், திருச்சியில் உச்சிப்பொழுதுக்கு நிழல் கிடையாது. சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து நாம் இருப்பது 10.8 டிகிரி தூரத்தில்தான். மார்கழியில் சூரியன் மிகத் தாழும் நாளில்கூட நண்பகலில் அது அடிவானத்திலிருந்து 55 டிகிரிக்கு மேலேயே நிற்கும். அதே நாளில் லண்டனில் 15 டிகிரி. பத்தடிச் சுவர் அங்கே 37 அடிக்கு நிழல் போடும். இங்கே ஏழடிகூட வராது.

வீட்டுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற கேள்வி இந்தக் கோணத்தில்தான் போய் நிற்கிறது. தாழ்ந்த சூரியன் உள்ள ஊரில் வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறது. எதிர்வீடு தள்ளி நிற்க வேண்டும். நம் ஊரில் அது மேலிருந்து கொட்டுகிறது. சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிவிட்டு, நடுவில் ஒரு திறப்பு விட்டால் போதும்.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன. உத்திர வீதி, சித்திரை வீதிகளில் இன்னும் இடிபடாமல் நிற்கும் ஒன்றிரண்டுக்குள் போய்ப் பாருங்கள். திண்ணை, இருண்ட ரேழி, அதைத் தாண்டியதும் கண் கூசுகிற முற்றம். நான்கு பக்கமும் தாழ்வாரம் இறங்கி, மழைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து தூம்பு வழியாக வெளியே போகும். வெயில் முற்றத்தின் மேற்கு ஓரத்தில் தொடங்கி மெதுவாகக் கிழக்கே நகரும். வடாம் காயும் தட்டும் கூடவே நகரும். பக்கத்து வீடு இரண்டும் அணைத்து நிற்பதால் பக்கச் சுவர்களில் வெயில் படுவதே இல்லை. (அந்த வீதிகளில் யார் குடியிருக்கலாம் என்பதற்கு இருந்த சாதிக் கணக்கு வேறு. அதை அங்கேயே விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.)

இனி புறநகருக்கு வருவோம். மண்ணச்சநல்லூர், திருவெறும்பூர், பஞ்சப்பூர், அந்தப் பக்கம் பச்சைமலை அடிவாரத் துறையூர்ச் சாலை வரை மனைப்பிரிவுகள். முப்பதுக்கு நாற்பது, அதாவது 1,200 சதுர அடி. முன்னால் ஐந்தடி, மற்ற மூன்று பக்கமும் மூன்று மூன்று அடி விட்டு வீடு கட்டுகிறோம் என்று வையுங்கள். வீட்டுக்கு மிஞ்சுவது 768 சதுர அடி. விட்ட இடம் 432 சதுர அடி, மனையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதில் ஒரு நாற்காலி போட முடியுமா? செப்டிக் டேங்க் மூடி, மோட்டார், ஏ.சி. வெளிப்பெட்டி, உடைந்த வாளி இவைதான் அங்கே குடியிருக்கின்றன.

வெளிச்சமாவது வருகிறதா? இரு வீட்டுக்கும் நடுவே ஆறடிச் சந்து, இருபுறமும் இருபதடி மாடிச் சுவர். தெற்கு வடக்காக ஓடும் சந்தில் தரையில் வெயில் படுவது நண்பகலை ஒட்டி இரண்டு மணி நேரம் சொச்சம். இதற்கு நேர்மாறாகப் பத்தடிச் சுவர்களுக்கு நடுவே பத்துக்குப் பத்து முற்றம் இருந்தால், மார்ச், செப்டம்பர் மாதங்களில் சுமார் ஆறு மணி நேரம் எங்காவது ஒரு மூலையில் வெயில் இருக்கும். அதற்கு வேண்டியது நூறு சதுர அடிதான். சந்துகளில் தொலைத்ததில் கால் பங்குகூட இல்லை.

இந்தக் கணக்கை 1960களில் கேம்பிரிட்ஜில் கட்டடக்கலை ஆய்வாளர்களான லெஸ்லி மார்ட்டினும் லயனல் மார்ச்சும் பெரிய அளவில் போட்டுப் பார்த்தார்கள். நூறடிச் சதுர மனை. நடுவில் 71 அடிச் சதுரமாகக் கட்டடம் எழுப்பினால் பாதி நிலம் தீர்ந்தது. சுற்றிலும் பதினான்கரை அடிப் பட்டை மிஞ்சும். அதே பரப்பை ஓரத்தில் பட்டையாகக் கட்டினால் நடுவில் 71 அடிச் சதுர முற்றம் கிடைக்கும். கட்டிய பரப்பும் காலி நிலமும் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பதினான்கரை அடி ஆழமுள்ள அறை ஒவ்வொன்றிலும் வெளிச்சம் புகும். 71 அடிக் கட்டடத்தின் நடுப்பகுதியில் பகலிலும் விளக்கு வேண்டும். அவர்கள் வரைந்த படம் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் அடங்கியது. கோயிலைச் சுற்றி ஏழு திருச்சுற்று உள்ள ஸ்ரீரங்கத்துப் பக்கத்துக்காரனுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வரும்.

இந்தியாவில் இந்த முற்ற அமைப்பை ஏழை, நடுத்தர வீடுகளுக்குச் செய்து காட்டியவர் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா. நவி மும்பையின் பேலாப்பூரில் 1980களின் நடுவில் 5.4 ஹெக்டேரில் ஏறத்தாழ 550 குடும்பங்களுக்கு அவர் திட்டமிட்ட குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது, அடுக்குமாடி கிடையாது. மனைகள் 45 சதுர மீட்டரில் தொடங்கும். ஏழெட்டு வீட்டுக்கு ஒரு சிறு பொது முற்றம், அப்படி மூன்று தொகுதிக்கு ஒரு பெரிய முற்றம். சாலை, பொது இடம் எல்லாம் சேர்த்தும் ஏக்கருக்கு நாற்பது வீடு வருகிறது. நம் மனைப்பிரிவில் சாலை, பூங்கா போக அறுபது சதவீதம் மனையாகிறது என்று கொண்டாலும் 1,200 சதுர அடி வீதம் ஏக்கருக்கு 22தான்.

திருச்சிக்கு நான் போடும் கணக்கு இது. பதினாறுக்கு நாற்பத்தைந்து அடி மனை, பக்கச் சுவர் இரண்டும் பொதுச்சுவர். முன்னும் பின்னும் ஐந்தடி, நடுவில் எட்டுக்குப் பத்து முற்றம். தரைத்தளத்தில் 480 சதுர அடி, மேலே ஓர் அறை 192. மொத்தம் 672 சதுர அடி வீடு. ஏக்கருக்கு 36 வரும். வீட்டுக்கான நிலச் செலவு ஐந்தில் மூன்று பங்காகக் குறைகிறது. மாடி அறையை முற்றத்துக்கு வடக்கே எழுப்ப வேண்டும். தெற்கே எழுப்பினால் மார்கழி வெயில் முற்றத்துக்குள் இறங்காது. தெருவைக் கிழக்கு மேற்காக ஓட்டினால் காலை, மாலை வெயிலைப் பொதுச்சுவரே வாங்காமல் தவிர்த்துவிடும். மிச்சம் கூரை. வெயில் முழுவதும் அதன் தலையில்தான் விழுகிறது. மேலே தட்டோடு பதித்து வெள்ளை அடிப்பது நல்லது. தெற்குப் பகுதியின் மொட்டைமாடி தூங்குவதற்கு.

குறை இல்லாமல் இல்லை. முற்றம் என்றால் கொசு, திருடன், சாரல். மேலே கம்பி வலை போட்டு வைக்கிறார்கள். சிலர் பாலிகார்பனேட் ஷீட்டும் போட்டு மூடிவிடுகிறார்கள். மூடினால் வெளிச்சம் வரும், ஆனால் சூடான காற்று வெளியேற வழியில்லை. இரவில் தரையும் சுவரும் வானத்தை நோக்கித் தம் சூட்டை விட்டுக் குளிர்வதும் நின்றுபோகும். பேலாப்பூரிலேயே வசதி வந்ததும் பலர் இடித்துவிட்டு மாடி மேல் மாடியாகக் கட்டினார்கள். கார் இன்னொரு சிக்கல்: பதினாறடி முகப்பில் அதை நிறுத்தினால் திண்ணை போச்சு. தெருமுனையில் பொதுவாக நிறுத்தச் சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

இன்ஜினியர்களுக்கு இது புதிதல்ல. ஓ.டி.எஸ். (Open to Sky, வானம் பார்த்த திறப்பு) என்ற பெயரில் நாலுக்கு நாலு ஓட்டை ஒன்று எல்லா வரைபடத்திலும் இருக்கிறது, பெரும்பாலும் கழிவறைக் குழாய்களுக்காக. அதையே பெரிதாக்கி வீட்டுக்கு நடுவில் கொண்டுவரச் சொல்கிறேன், அவ்வளவுதான். உண்மையான தடை பொதுச்சுவர். அஸ்திவாரம் யாருடையது, பக்கத்து மனைக்காரர் பத்து வருடம் கட்டாமல் போட்டால் அந்தப் பக்கச் சுவருக்கு யார் பூசுவது? ஒரு வரிசை வீடுகளை ஒரே மேஸ்திரி ஒன்றாக எழுப்பினால்தான் இது சரிப்படும். கல் நட்டு, கொடி கட்டி, மனையை மட்டும் விற்றுவிட்டுப் போகிறவர்கள் இதைச் செய்யமாட்டார்கள். வீட்டு வசதி வாரியமோ கூட்டுறவுச் சங்கமோ ஒரு தெருவையாவது கட்டிக் காட்ட வேண்டும்.